கப்பலேறும் கார்... கரையில் காத்திருக்கும் வரி!

“ஊருக்கே போயிடலாம்னு முடிவு பண்ணியாச்சு. வண்டியை என்ன பண்றது?”

வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு திரும்பும் குடும்பங்களில், பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்மிஷனுக்கு அடுத்தபடியாக எழும் கேள்வி இதுதான். கட்டிலையும் சோபாவையும் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிடலாம். வாஷிங் மெஷினை இங்கே வந்து புதிதாக வாங்கிக்கொள்ளலாம். காரை அப்படி விட்டுவிட்டு வர மனசு வராது. மாதாமாதம் தவணை கட்டி மீட்ட வண்டி. பிரசவ வலி கண்ட ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்த வண்டி. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைச் சுற்றிக் காட்டிய வண்டி. ‘எப்படியும் சாமான்களுக்கு கன்டெய்னர் போடப் போகிறோம், காரையும் ஏற்றிவிட்டால் என்ன?’ என்று தோன்றத்தான் செய்யும்.

ஏற்றலாம். இந்தியச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால், அந்த வழியாகக் கார் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது ஆகியிருக்கும் செலவில், பல நேரங்களில் அதைவிட நல்ல கார் ஒன்றை இங்கேயே புதிதாக வாங்கியிருக்கலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அங்கேயே விற்றுவிட்டு வருவதுதான் சரியான முடிவு. அதைக் கப்பல் கிளம்புவதற்கு முன்னால் யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். அந்தக் கணக்கைத்தான் இங்கே போடப் போகிறோம்.

பெட்டி படுக்கையில் கார் சேராது

“நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு ‘டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்’ சலுகை இருக்கிறதே, அதில் காரையும் கொண்டுவரலாம்” என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. வீட்டு உபயோகப் பொருட்களுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால், 1962-ம் ஆண்டின் சுங்கச் சட்டம், ‘பேகேஜ்’ என்றால் என்ன என்று 2(3) பிரிவில் விளக்கும்போதே மோட்டார் வாகனங்களை வெளியே நிறுத்திவிட்டது. பின்னால் தனியாக வந்து சேரும் சாமான்கள்கூட பேகேஜ்தான்; கார் பேகேஜ் கிடையாது. ஒரே கன்டெய்னரில் பீரோவும் காரும் பக்கத்துப் பக்கத்தில் வந்தாலும், பீரோவுக்கு ஒரு சட்டம், காருக்கு இன்னொரு சட்டம். காருக்குத் தனியாக ‘பில் ஆஃப் என்ட்ரி’ தாக்கல் செய்து, முழுத் தீர்வையும் கட்டித்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் திரும்பி வருகிறவருக்கு என்னதான் சலுகை? அனுமதிதான் சலுகை. வெளிநாட்டில் ஓடிய பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கு இறக்குமதிக் கொள்கையில் கடுமையான நிபந்தனைகள் உண்டு. தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் வெளிச்சம், சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு ஏற்றபடி விழ வேண்டும். கப்பலேற்றுவதற்கு முன்பே அங்கே சோதனை செய்து சான்று வாங்க வேண்டும். இங்கே வந்ததும் புனேயில் உள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அமைப்பின் சோதனைக்கும் கொடுக்க வேண்டும். இன்னும் ஐந்து வருடம் ஓடும் தகுதி வண்டிக்கு வேண்டும். அதுவரை இந்தியாவில் சர்வீஸ் கிடைக்கும் என்ற உறுதியும் வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் பொதுவிதிப்படி மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே இறக்கலாம்.

இந்தப் பொதுவிதியிலிருந்து சிலருக்குத் தளர்வு உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகக் குடியேற வருகிறவர் அதில் ஒருவர். ஆனால், அந்தக் கார் அங்கே குறைந்தது ஒரு வருடமாவது அவர் வசம் இருந்திருக்க வேண்டும். கிளம்புகிற நேரத்தில் ‘அங்கே மலிவாகக் கிடைக்கிறது’ என்று வாங்கிப் போட்டுக் கொண்டுவர முடியாது என்பதற்காகத்தான் இந்த ஒரு வருடக் கணக்கு. வெளிநாட்டில் இறந்துபோன உறவினரின் காரைப் பெறும் வாரிசுகள், மாற்றுத்திறனாளிகள், சர்வதேசப் போட்டியில் காரைப் பரிசாக வென்றவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். இவர்களுக்கும் தளர்வு நிபந்தனைகளில்தான், தீர்வையில் அல்ல.

வளைகுடாக்காரர்களின் தலைவலி

தமிழ்நாட்டிலிருந்து அதிகம் பேர் பிழைக்கப் போன இடங்களில் ஒன்று வளைகுடா. துபாய், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் என எங்கு போனாலும் ஸ்டீயரிங் இடப்பக்கம்தான். அமெரிக்காவும் கனடாவும் அப்படியே. இறக்குமதி விதி வலப்பக்க ஸ்டீயரிங் கேட்பதால், பல வருடம் ஆசையாக ஓட்டிய லேண்ட் குரூசரை நிரந்தரமாக இங்கே கொண்டுவரும் எண்ணத்தை வளைகுடாக்காரர்கள் விட்டுவிடுவதே நல்லது. ஸ்டீயரிங்கை மாற்றிக்கொடுக்கப் பட்டறைகள் கிடைக்கலாம். ஆனால், வண்டி அதன் அசல் ஹோமோலோகேஷன் சான்றோடு (தயாரித்தபோது பெற்ற தகுதிச் சான்று) பொருந்தியிருக்க வேண்டும் என்று இந்திய விதி கேட்கிறது. பிரித்து மாற்றிய வண்டி அங்கேயே அடிபட்டுவிடும்.

ஆக, இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் மாதிரி வலப்பக்க ஸ்டீயரிங் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும்.

20 லட்ச ரூபாய் காரின் கதை

இங்கேதான் பேனாவும் பேப்பரும் தேவை.

காரின் விலையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பது முதல் விஷயம். ‘நான் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகத்தான் வாங்கினேன், ரசீது இருக்கிறது’ என்பது பொதுவாக எடுபடாது. அந்த மாடல் புதிதாக வந்தபோது கம்பெனி வைத்த விலையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தேய்மானத்தைக் கழிப்பார்கள். முதல் வருடத்தில் ஒவ்வொரு காலாண்டுக்கும் 4 சதவீதம், இரண்டாம் வருடம் காலாண்டுக்கு 3, மூன்றாம் வருடம் 2.5, நான்காம் வருடத்திலிருந்து 2. எவ்வளவு பழைய வண்டியானாலும் மொத்தக் கழிவு 70 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டு வருடம் ஓடிய காருக்கு 28 சதவீதமும் மூன்று வருடம் ஓடியதற்கு 38 சதவீதமும் கழியும். அங்கே செகண்ட் ஹேண்ட் சந்தையில் அந்தக் கார் பாதி விலைக்குப் போனாலும், இங்கே கணக்கு இதுதான்.

சிங்கப்பூரிலிருந்து கும்பகோணத்துக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். புதிதாக இருந்தபோது காரின் விலை, நம் பணத்தில் 20 லட்சம். வயது இரண்டு வருடம். 28 சதவீதம் கழித்தால் 14.40 லட்சம். கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் சேர்ந்து 1.60 லட்சம் என்று வையுங்கள். மதிப்பு 16 லட்சம். இந்த 16 லட்சத்தின் மேல்தான் தீர்வை ஏறத் தொடங்குகிறது.

பழைய கார்களுக்கு அடிப்படைச் சுங்கத்தீர்வை 70 சதவீதம். அதாவது 11.20 லட்சம். அதோடு வேளாண் கட்டமைப்பு மேம்பாட்டு செஸ் 67.5 சதவீதம், 10.80 லட்சம். ஆக 22 லட்சம். 2025 பட்ஜெட்டுக்கு முன்பு அடிப்படைத் தீர்வை 125 சதவீதமாக இருந்தது. அதன்மேல் சமூகநல சர்சார்ஜ் ஏறி 137.5 சதவீதத்தில் நின்றது. பட்ஜெட்டில் 70 சதவீதமாகக் குறைத்ததைப் பார்த்து, ‘பழைய காருக்கு வரி பாதியாகிவிட்டது’ என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். கூட்டிப் பாருங்கள், 70-ம் 67.5-ம் அதே 137.5தான். பெயர் மாறியது, தொகை மாறவில்லை.

இத்தோடு முடியவில்லை. 16 லட்சமும் 22 லட்சமும் சேர்ந்த 38 லட்சத்தின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். தீர்வையின் மேலும் வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய கார்களுக்கு இது 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீத வரியும், தனியாக 22 சதவீதம் வரை இழப்பீட்டு செஸும் இருந்தன. 38 லட்சத்துக்கு 40 சதவீதம் என்றால் 15.20 லட்சம்.

மொத்தத் தீர்வை 37.20 லட்சம் ரூபாய். சுங்கம் 16 லட்சம் என்று மதிப்பிட்ட கார், துறைமுகத்தின் கேட்டைத் தாண்டும்போது 53.20 லட்சமாகி நிற்கிறது.

நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் கார் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். அதே 16 லட்ச மதிப்புக்குத் தீர்வை 28.84 லட்சம் வரும். குறைவுதான். ஆனாலும் காரின் மதிப்பைவிட அதிகம். அந்தத் தொகைக்கு அதே அளவுக் கார்களை ஷோரூமில் வரிசையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், வாரன்டியோடு.

சிங்கப்பூர்க்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அங்கே கார் ஓட்டும் உரிமைக்கே பத்து வருடச் சான்றிதழ் வாங்கித்தான் வண்டி எடுத்திருப்பீர்கள். மீதிக் காலம் இருக்கும்போதே பதிவை ரத்து செய்தால் ஒரு பகுதிப் பணம் திரும்பும். வண்டியை அங்கேயே நல்ல விலைக்கு விற்பதா, பதிவை ரத்து செய்வதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கப்பலைப் பற்றி யோசிக்கலாம்.

துறைமுகத்தில் ஓடும் கடிகாரம்

தீர்வைக்குத் தயாராகி வந்தவர்கள்கூட தடுமாறுவது நேரத்தில்தான். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் ஆகியிருக்க வேண்டும். தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். தீர்வையைக் காலத்தில் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இவை சுங்கத்துக்கு. கன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன், துறைமுகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதற்கு டெமரேஜ், இரண்டும் தனித்தனி.

அதிகாரி வண்டியைப் பரிசோதிக்கும்போது முதலில் பார்ப்பது பெயின்ட்டையோ சீட்டையோ அல்ல. பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஒவ்வொரு எழுத்தாக வெளிநாட்டுப் பதிவுச் சான்றோடு ஒப்பிடுவார்கள். எண்ணை வைத்துத் தயாரிப்பு வருடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பாஸ்போர்ட்டின் என்ட்ரி, எக்ஸிட் முத்திரைகளைப் பார்த்து, இரண்டு வருடத் தங்கல் கணக்கு சரியா என்று எண்ணுவார்கள். கார் கணவர் பெயரில், நிரந்தரமாகத் திரும்புவது மனைவி என்றால் அங்கேயே சிக்கல். இன்ஷூரன்ஸ் பாலிசி, வாங்கிய ரசீது, அந்த நாட்டில் பதிவை ரத்து செய்ததற்கான அத்தாட்சி, கப்பல் கம்பெனியின் பில் ஆஃப் லேடிங் ஆகிய எல்லாவற்றிலும் பெயரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் அதைத் திருத்தி வாங்கும் நாட்களுக்கும் டெமரேஜ் ஓடிக்கொண்டே இருக்கும்.

இறக்கி 30 நாட்களுக்குள் எடுக்கப்படாத சரக்கை, நோட்டீஸ் கொடுத்துவிட்டு விற்க சுங்கச் சட்டத்தின் 48-வது பிரிவு இடம் தருகிறது. கணக்கு கைமீறிவிட்டது, கட்ட முடியாது என்று தெரிந்தால் 23(2) பிரிவில் இன்னொரு வழியும் இருக்கிறது. விடுவிப்பு உத்தரவுக்கு முன்னால் ‘இந்தப் பொருளின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் தீர்வை கட்ட வேண்டியதில்லை. கார் அரசாங்கத்துக்குப் போய்விடும். கடல் தாண்டிக் கொண்டுவந்த வண்டியை இப்படி எழுதிக் கொடுக்கும் நிலைமை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

மாடல் வருடத்தை மாற்றினால்...

வயதுக்கு ஏற்ப மதிப்பு குறைகிறது என்றால், வயதையே மாற்றிச் சொல்லும் ஆசை சிலருக்கு வருகிறது. தமிழ்நாடு நன்கறிந்த வழக்கு, ம.நடராஜனின் லெக்ஸஸ் கார் வழக்கு. 1994-ல் இங்கிலாந்திலிருந்து வந்த புதிய காரை, 1993 மாடல் பழைய கார் என்று காட்டி சுமார் 1.06 கோடி ரூபாய் தீர்வையை ஏய்த்ததாகக் குற்றச்சாட்டு. சி.பி.ஐ. நீதிமன்றம் 2010-ல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017 நவம்பரில் அதை உறுதி செய்தது. ஒற்றை வருட வித்தியாசம், 23 வருடம் துரத்தியிருக்கிறது.

2013 மார்ச்சில், நாடு திரும்புகிறவர்கள் பெயரைப் பயன்படுத்தி 30-க்கும் மேற்பட்ட சொகுசுக் கார்கள் இறக்கப்பட்டன என்ற புகாரில் சென்னையில் சி.பி.ஐ. சோதனைகள் நடத்தியது. 2025 செப்டம்பரில் கேரளத்தில் ‘ஆபரேஷன் நும்கோர்’. பூடானிலிருந்து சாலை வழியாகக் கொண்டுவரப்பட்டு, போலி ஆவணங்களில் இந்தியப் பதிவு பெற்றதாகச் சந்தேகிக்கப்படும் வண்டிகளை சுங்கத்துறை தேடித் தேடிப் பிடித்தது. மலையாளத் திரையுலகின் முன்னணி நடிகர்கள் வீடுகளிலும் சோதனை நடந்தது. செகண்ட் ஹேண்ட் வெளிநாட்டுக் கார் வாங்க ஆசைப்படும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் முக்கியமான எச்சரிக்கை இருக்கிறது. தீர்வை கட்டாமல் வந்த வண்டி, பத்துக் கை மாறி உங்களிடம் வந்திருந்தாலும் பறிமுதலுக்கு உட்பட்டதுதான். பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்கள். அதிலுள்ள சேஸிஸ் நம்பரை நீங்களே வண்டியில் பாருங்கள். ஆர்.சி. புத்தகம் மட்டும் போதாது.

நேர்மையாக இறக்கினாலும் மாநில வரியில் வழக்குகள் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 1990-ம் ஆண்டுச் சட்டப்படி நுழைவு வரி இருந்தது. சுங்கம் கட்டிய வண்டிக்கு மறுபடி நுழைவு வரியா என்று பலர் நீதிமன்றம் போனார்கள். ஃபாதர் வில்லியம் பெர்னாண்டஸ் என்பவர் தொடர்ந்த கேரள வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இறக்குமதிப் பொருளுக்கும் மாநிலங்கள் நுழைவு வரி விதிக்கலாம் என்று 2017 அக்டோபரில் முடிந்தது. நடிகர் விஜய் 2012-ல் இறக்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் தொடர்பான வழக்கு 2021 ஜூலையில் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்தோடு தள்ளுபடியானது. தீர்ப்பில் அவர் மீது சொல்லப்பட்ட கடுமையான வார்த்தைகளை 2022-ல் டிவிஷன் பெஞ்ச் நீக்கியது. ஜி.எஸ்.டி. வந்தபோது நுழைவு வரி அதற்குள் அடங்கிவிட்டது. இப்போது திரும்புகிறவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

லீவுக்கு மட்டும் கொண்டுவர...

சவுதி, துபாய் நம்பர் பிளேட்டோடு மலப்புரம் பக்கம் கார்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ‘கார்னே’ வழி. தற்காலிகமாக வண்டியைக் கொண்டுவந்து, திருப்பி எடுத்துச் செல்வதற்கான சர்வதேச ஆவணம். அந்தந்த நாட்டு ஆட்டோமொபைல் கிளப், வண்டியின் மதிப்புக்கேற்ற உத்தரவாதத் தொகை வாங்கிக்கொண்டு கொடுக்கும். சின்னப் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று துண்டு. உள்ளே வரும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியே போகும்போது ஒன்று, அடிக்கட்டை நம்மிடம். இந்தியாவில் பொதுவாக ஆறு மாதம் வைத்திருக்கலாம். இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளும் இப்படி வருகின்றன. வெளியேறும் முத்திரை விழாவிட்டால் முழுத் தீர்வையும் உத்தரவாதத் தொகையிலிருந்து போகும். விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது. கடைசியாக ஒருமுறை சொந்த ஊர்ச் சாலையில் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படும் வளைகுடாக்காரருக்கு, சட்டப்படியான வழி இதுதான்.

ஆர்.டி.ஓ. வாசலில்

சுங்கம் முடிந்தால் பாதிக் கிணறு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 20-ஓடு சுங்க விடுவிப்புச் சான்றையும் வைக்க வேண்டும். வண்டிக்கு அடியில் புகுந்து, சேஸிஸ் நம்பர் மேல் செலோடேப் ஒட்டி, பென்சிலால் தேய்த்து அச்செடுத்து விண்ணப்பத்தில் ஒட்டும் வேலையும் உண்டு. துருப்பிடித்த எண் அச்சில் தெளிவாக விழாமல் திரும்பி வருகிறவர்கள் உண்டு. பிரிட்டன் மாதிரி குளிர்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாட்டு வண்டிகள் கிளம்பும் முன்பே அந்த இடத்தைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது. பிறகு வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீதம். வெளிநாட்டுப் பழைய காருக்கு, எந்த மதிப்பை அடிப்படையாக வைத்துக் கணக்கிடுவார்கள் என்று உங்கள் ஆர்.டி.ஓ.விடம் முன்கூட்டியே கேளுங்கள். சுங்கம் சேர்ந்த விலை 50 லட்சத்தைத் தாண்டும்போது, இந்தக் கேள்விக்கான விடை சில லட்சங்கள்.

யாருக்கு இந்த 137.5?

இவ்வளவு உயரத்தில் தீர்வை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஜப்பானின் பழைய கார்கள் கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்கும் நம் அண்டை நாடுகளுக்கும் போய் இறங்குகின்றன. கதவைத் திறந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர்ப் பக்கம் கார் ஆலைகளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அடி விழும். அந்தப் பாதுகாப்பு வேண்டும்.

ஆனால், வியாபாரத்துக்காக நூறு கார் இறக்குகிறவருக்கும், வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஒரே ஒரு காரோடு திரும்புகிறவருக்கும் அதே 137.5 சதவீதம் என்பது நியாயமில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கார், ஒரு வருடம் வைத்திருந்த சான்று, சில வருடங்களுக்கு விற்கத் தடை, ஆர்.சி.யிலேயே அந்தக் குறிப்பு என்று கட்டுப்பாடுகளை இறுக்கிவிட்டு, தீர்வையைக் குறைக்கலாம். ஏய்ப்பவர்கள் 137.5 சதவீதத்தாலும் அடங்கவில்லை என்பதைத்தான் மேலே சொன்ன வழக்குகள் காட்டுகின்றன. இப்போதைய விகிதத்தில் உண்மையாகத் தடுத்து நிறுத்தப்படுகிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்கள் மட்டுமே. குறிப்பாக, உடல் நிலைக்கு ஏற்பக் கைக்கருவிகள் பொருத்திய காரோடு திரும்பும் மாற்றுத்திறனாளிக்கு அந்த வண்டிதான் கால். அதன் மதிப்பைவிட அதிகமாகத் தீர்வை கேட்பதை எந்தத் தொழில் பாதுகாப்பும் நியாயப்படுத்தாது. பழைய காராக வரும் அவர்கள் வண்டிக்காவது நிதி அமைச்சகம் தனி விகிதம் அறிவிக்க வேண்டும்.

அதுவரை, கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால் வரிசை மாறாமல் செய்யுங்கள். எந்தத் துறைமுகத்தில் இறக்கலாம், எந்தப் பிரிவில் வருகிறீர்கள், எந்தச் சோதனைச் சான்று கேட்பார்கள் என்று அந்தத் துறைமுகத்தின் சுங்க அலுவலகத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மதிப்பீட்டிலோ விதியைப் பொருத்துவதிலோ குழப்பம் இருந்தால், மும்பையிலும் டெல்லியிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தை, இறக்குமதிக்கு முன்பே அணுகலாம். லைசென்ஸ் உள்ள கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் சேஸிஸ் நம்பர், தயாரிப்பு மாதம், புது விலை மூன்றையும் கொடுத்து, தீர்வைக் கணக்கை வரிவரியாகப் போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். ‘சுமாரா இவ்ளோ வரும் சார்’ என்பதை ஏற்காதீர்கள். அந்தத் தாளும் சுங்கத்தின் பதிலும் கைக்கு வந்த பிறகு கன்டெய்னர் புக் செய்தால் போதும்.